வலை கட்டிய கூரை

போன மாதம் விடுதியிலிருந்து மூன்று பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் இப்போது அங்கே சமையல் செய்கிறவர்கள். வரும்போது தூக்கில் மெதுவடை போட்டு எடுத்து வந்திருந்தார்கள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். உளுந்து பொங்கப் பொங்க ஆட்டவில்லை. சொல்லவில்லை, தின்றேன்.

விடுதிக்குப் பின்னால் இருக்கிற பழைய சமையல்கட்டை இடிக்கப் போகிறார்களாம். இடிப்பதற்கு முன்னால் அதைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். அந்த அடுப்படியில் ரொம்ப காலம் நின்றவள் நான்தான் என்று யாரோ சொன்னார்களாம். "நீங்க ஏதாவது எழுதிக் குடுங்க பெரியம்மா" என்றாள் ஒருத்தி.

"இடிச்சுட்டு என்னா கூரை போடறாங்க?" என்று கேட்டேன்.

"கலர் சீட்டு பெரியம்மா. நீலக் கலரு. எஞ்சினீயர் படம் போட்டே எடுத்தாந்துட்டாரு."

"உங்களைக் கேட்டாங்களா?"

மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். "எங்களை எதுக்குப் பெரியம்மா கேக்கறாங்க? நாங்க இன்னா எஞ்சினீயரா?"

அந்தச் சிரிப்பில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். இருந்தாலும் இதை நானே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்த அடுப்படியில் நின்றவர்களில் கிரேஸ் மிஸ்ஸைத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, சேலையூரிலிருந்து நடந்து வந்து அந்த விடுதியில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். ஒரு மிஷன் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதி. நான் வேறு சாமி கும்பிடுகிறவள். அதை அங்கே யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. தேய்ப்பதிலிருந்து நறுக்குவது, நறுக்குவதிலிருந்து வடிப்பது, பிறகு குழம்பு. கடைசியில் கரண்டி என் கைக்கு வந்தது. அத்தனை பிள்ளைகளுக்கும் உப்பைக் கையால் அள்ளித்தான் போடுவேன். ஒரு நாளும் கூடினதில்லை, ஒரு நாளும் குறைந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சமையல்கட்டு என்று சொல்கிறேனே தவிர, அன்றைக்கு அது கட்டடம் இல்லை. சாப்பாட்டு ஹாலுக்குப் பின்னால் திறந்தவெளி. அதில் வரிசையாகக் கோட்டை அடுப்புகள். மேலே சவுக்குக் கம்பு நட்டு, தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை. நாலு பக்கமும் சுவர் கிடையாது. சவுக்கு விறகு எரிகிற இடத்தில் சுவர் வைத்தால் நாங்கள் மூச்சுமுட்டிச் செத்திருப்போம். காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். புகையும் அதோடு போகும். எலக்ட்ரிக் ரயில் போகிற சத்தத்தை வைத்து உலை வைப்போம்.

எனக்கு அடுத்தபடி நின்றவள் லூர்து. கோவளத்துக்காரி, கடல் வேலை செய்கிற குடும்பம். புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான். ஸ்டெல்லா என்று ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு எங்கள் விடுதியில் இடமும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பும் இலவசம். அம்மா அங்கே வேலை செய்கிறவரைக்கும்தான் அது. லூர்துக்கு எண்ணெய்ச் சட்டி. அப்பளம், வடை, மீன் வறுவல் எல்லாம் அவள் கை. அவள் மீன் வறுத்தால் மிஷன் பங்களாவிலிருந்து நாய் ஓடிவரும். நாயோடு சேர்த்து பாதிரி ஐயர் வீட்டு அம்மாவும் வருவார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

இனி கிரேஸ் மிஸ். விடுதிக்கு வார்டன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கையில் எப்போதும் கறுப்புக் குடை. மழைக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான், பூனையை விரட்டுவதற்கும் அதுதான். தினம் பிள்ளைகள் உட்காருவதற்கு முன்னால் பின்பக்கம் வருவார். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்ப்பார். உட்கார மாட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். உப்பு சரியாக இருந்தால் தலையை ஒரே ஒரு தரம், கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி ஆட்டுவார். அவ்வளவுதான். அந்த ஒரு ஆட்டலுக்காக நான் விடியற்காலையிலிருந்து நின்றிருக்கிறேன்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. அடுப்படியில் எதை மாற்றினாலும் அங்கே நிற்கிறவளைக் கூப்பிட்டுக் கேட்பார். "நிக்கிறவ நீ. உனக்கு எப்படி வேணும்?" அடுப்பு என்ன உயரம், ஆட்டுக்கல்லை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது, தொட்டித் தண்ணீர் வலது கைப்பக்கமா இடது கைப்பக்கமா, எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விதான். முதல் தரம் என்னைக் கேட்டபோது நான் பயந்துபோய், "உங்க இஷ்டம் மிஸ்" என்றேன். "என் இஷ்டத்துக்குப் போட்டா என் முதுகா வலிக்கும் கமலா?" என்றார். அதுவரைக்கும் என் முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கட்டினவனும் கேட்டதில்லை.

கீற்றுக் கூரைக்கு ஒரு குணம் உண்டு. முதல் மழைக்கு நன்றாக இருக்கும், அடுத்த மழைக்குள் ஒழுகத் தொடங்கிவிடும். புகை ஏறிய கீற்றிலிருந்து விழுகிற தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். சாம்பாரில் விழுந்தால் சகித்துக்கொள்ளலாம். எண்ணெய்ச் சட்டியில் விழுந்தால்? ஒரு ஐப்பசி மாதம் லூர்து வடை போட்டுக்கொண்டிருந்தபோது அப்படித்தான் ஒரு சொட்டு விழுந்தது. சட்டி வெடித்தமாதிரி எண்ணெய் எழும்பி அவள் கழுத்தில் தெறித்தது. காதுக்குக் கீழே தோல் சுருங்கிப்போய், கடைசிவரைக்கும் அந்த வடு இருந்தது. அதற்குப் பிறகு வானம் கறுத்தால் அவள் சட்டியைப் பார்க்க மாட்டாள். ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, கண் எல்லாம் மேலே கூரையில்.

அடுத்த கோடையில் அந்தக் கூரையே எரிந்தது. அடுப்பிலிருந்து ஒரு பொறி. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீற்றைக் கொக்கி போட்டு இழுத்துத் தள்ளிவிட்டோம். ஆனால் கருகின கம்புகளுக்கு நடுவில், உச்சிவெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சமைத்தோம். கிரேஸ் மிஸ் வந்து எங்கள் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடை அவருக்கு இல்லை, அடுப்பில் இருந்த பாலில் கரித்தூள் விழாமல் இருக்க.

அப்போதுதான் கூரைப் பேச்சு வந்தது. கூரை வேலைக்கு முடிச்சூரிலிருந்து முனுசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். முனுசாமிக்கு வாய் ஓயாது. பீடியைக் காதில் செருகிக்கொண்டு, கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து நின்றான். கிரேஸ் மிஸ், நான், லூர்து, ஆட்டுக்கல் பெண்கள் எல்லாரும் நின்றோம்.

"மறுபடியும் கீத்தே போட்டுர்லாமா மிஸ்? மூணு நாள்ல முடிச்சிக் குட்த்துருவேன்."

"மறுபடியும் எரியறதுக்கா?" என்றார் மிஸ்.

"அப்ப ஓடு. ஓடுன்னா ராஜா மாதிரி."

"குரங்கு வருமே" என்றேன் நான். மலைப்பக்கமிருந்து குரங்குக் கூட்டம் வந்து ஹால் ஓட்டை எப்படிக் கலைத்துப் போடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு தரம் ஓட்டுத்துண்டு தயிர்ப் பானையில் விழுந்தது.

"அதுக்கு நா இன்னா பண்றது? குரங்கு வராத ஓடு இன்னும் செய்லியே!"

கல்நார் சீட்டு என்று மிஸ் கேட்டார். அடுப்புச் சூட்டுக்கு அது விண் விண்ணென்று வெடிக்கும், பல்லாவரம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் வெடித்துப் பாயசத்தில் விழுந்தது என்றான். தளம் போட்டுவிடலாம் என்றால், அதற்குச் சுவர் எழுப்ப வேண்டும்; சுவர் எழுப்பினால் புகை எங்கே போகும்? அதுவும் போக, மிஷன் கமிட்டி செக்ரட்டரி சார் தளம் என்றாலே பணம் இல்லை என்று கையை விரித்துவிடுவார். மிச்சம் இருந்தது தகரம்.

தகரம் தானாகவே வந்து சேர்ந்தது. விடுதிப் பிள்ளை ஒருத்தியின் அப்பா குடோன் வைத்திருந்தவர். வளைவு வளைவாக இருக்கிற தகரத் தகடுகளை ஒரு வண்டி அனுப்பிவைத்தார். எல்லாம் புதுசு. வெயிலில் சாய்த்துவைத்தபோது கண் கூசியது. ஒரு தகட்டிலும் ஒரு துளை இல்லை. லூர்து ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பெண் பார்க்கிற மாதிரி பார்க்கிறாளே என்று நாங்கள் சிரித்தோம்.

முனுசாமி உளியையும் கொக்கி ஆணியையும் எடுத்தபோதுதான் அவள் குறுக்கே வந்தாள்.

"இன்னா பண்ணப் போற?"

"ஓட்ட போட்டு ஆணி அடிக்கணும்ல? இல்லாட்டி தகடு எப்டி நிக்கும்?"

"ஓட்ட போட்டா அதுல தண்ணி எறங்காதா?"

"தாரு வச்சி அடைச்சிருவேன்."

"வராண்டாவுக்கும் தாரு வச்சிதான் அடைச்ச. மழை வந்தா அங்க வாளி வக்கிறோம். வராண்டால எண்ணெ கொதிக்குதா? இங்க கொதிக்குது." கழுத்தைத் திருப்பி வடுவைக் காட்டினாள். "இத்தப் பாரு. ஒரே ஒரு சொட்டு."

முனுசாமி உளியைக் கீழே வைத்தான். கிரேஸ் மிஸ் குடையை மடக்கினார்.

"லூர்து, நிக்கிறவ நீ. உனக்கு எப்படி வேணும்?"

லூர்து யோசிக்கவே இல்லை. இதற்காகவே பல நாள் நினைத்துவைத்திருந்தவள் மாதிரி சொன்னாள். "எங்க குப்பத்துல எந்த வூட்டுக்கும் கூரைல ஆணி கெடையாது மிஸ். பழைய வலைய விரிச்சிப் போட்டு, சுத்தி கல்லு கட்டித் தொங்க உடுவாங்க. கடக்கரைக் காத்துக்கே ஒண்ணும் ஆவாது. இங்க இன்னா காத்து? எங்க அண்ணன் கிட்ட சொன்னா வலை கொண்டாந்து குடுக்கும்."

"முனுசாமி, நிக்குமா?" என்றார் மிஸ்.

"ஏன் நிக்காது? எங்க ஊர்ல பாதி வூட்ல தகரத்து மேல கல்லு வச்சிகினுதான் கீறாங்க. இவுங்க வலையும் போட்றேன்றாங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டுகினு நிக்கும்."

என்னையும் கேட்டார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் தெரிகிறது. குப்பத்தில் வலைக்குக் கீழே இருந்தது கீற்று. கீற்று காற்றைக் கொஞ்சம் உள்ளே விடும், கொஞ்சம் வெளியே விடும். தகரம் விடாது. அதுவும் நாலு பக்கமும் திறந்த கொட்டகையில், உள்ளே புகுந்த பெருங்காற்று கீழேயிருந்து கூரையைத்தான் முட்டித் தூக்கும். அன்றைக்கு அங்கே நின்ற ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. மிஸ்ஸுக்கும் தோன்றவில்லை.

லூர்தின் அண்ணன் கோவளத்திலிருந்து பஸ்ஸில் வலையைக் கொண்டுவந்தார். பருத்தி நூல் வலை. பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். துவைத்துக் காயவைத்த பிறகும் முதல் மாதம் முழுக்கச் சமையல்கட்டு கடல் நாற்றம் அடித்தது. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்கி, மேலே வலையைப் போர்த்தி, ஓரமெல்லாம் கருங்கல் கட்டித் தொங்கவிட்டான் முனுசாமி. பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அது நல்ல கூரை. வெயிலில் கொதிக்கும், அது உண்மை. ஆனால் முதல் மழை வந்தபோது லூர்து வேண்டுமென்றே எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். மேலே தகரம் தடதடவென்று அலறியது. நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. ஒரு சொட்டு இறங்கவில்லை. அவள் அண்ணாந்து பார்த்து, வாய் அசைவில் ஏதோ சொன்னாள். மாதாவுக்கு நன்றி சொல்லியிருப்பாள். கிரேஸ் மிஸ் வந்து உள்ளங்கையை நீட்டினார், குழம்புக்கு இல்லை, மழைச் சொட்டு விழுகிறதா என்று பார்க்க. பிறகு லூர்தைப் பார்த்துத் தலையை ஒரு தரம் ஆட்டினார்.

அப்படியே சில வருஷங்கள் போயின. மழைக்காலத்துக்கு முன்னால் முனுசாமி வருவான், ஏணியில் நின்று கல்லை ஆட்டிப் பார்ப்பான், "நல்லாத்தான் கீது" என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். கல் நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் கிடந்து கிடந்து நூல் இற்றுப்போனதை யாரும் பார்க்கவில்லை. கீழேயிருந்து பார்த்தால் வலை வலை மாதிரியேதான் தெரிந்தது.

எழுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம். புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். ரயில் நின்றுவிட்டது. ஊருக்குப் போக முடியாத பிள்ளைகள் அத்தனை பேரும் விடுதியில். மத்தியானத்துக்கு உலை வைத்துவிட்டோம். அரிசி பாதி வெந்திருக்கும்போது காற்று மாறியது. அதுவரைக்கும் ஊதிக்கொண்டிருந்த காற்று, பிடித்துத் தள்ளுகிற காற்றாகிவிட்டது. அடுப்பு நெருப்பு பக்கவாட்டில் படுத்து எரிந்தது. கிரேஸ் மிஸ் ஹால் கதவிலிருந்து கத்தினார்.

"கமலா! அடுப்பை அவிச்சிட்டு எல்லாரும் உள்ளே வாங்க! சோறு வேண்டாம்! பிள்ளைங்களுக்கு ரொட்டி இருக்கு!"

அடுப்பை அவித்தோம். ஆட்டுக்கல் பெண்கள் ஓடிவிட்டார்கள். அண்டாவில் அத்தனை அரிசி, பாதி வெந்து கிடக்கிறது. நான் லூர்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். சோற்றை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது.

"தூக்கிர்லாம்க்கா" என்றாள்.

அண்டா தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. காது வளையங்களில் சங்கிலி மாட்டி, சங்கிலியில் உலக்கைக் கம்பைக் கோத்து, முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தி தோளில் ஏற்றுவோம். கொதிக்கிற அண்டா. ஒருத்தி விட்டால் இன்னொருத்தியின் காலெல்லாம் வெந்துவிடும். அதனால் ஒரு கட்டுப்பாடு: முன்னால் போகிறவள் "இறக்கு" என்று சொல்கிறவரைக்கும் பின்னால் வருகிறவள் இறக்கக் கூடாது. என்ன ஆனாலும் கூடாது. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

நான் முன்னால், அவள் பின்னால். நான் கொட்டகையைத் தாண்டி மழையில் கால் வைத்துவிட்டேன். பின்னால் பெரிய சத்தம். கூரை கிழிகிற சத்தம் என்று தெரிந்தது. கம்பு ஒரு தரம் என் தோளில் குதித்தது, பிறகு நின்றுவிட்டது. லூர்து கத்தவில்லை. அதனால் நான் திரும்பவில்லை. திரும்பினால் அண்டா ஆடும். ஹால் வராண்டாவரைக்கும் நடந்தேன். படி ஏறினேன். வராண்டாவில் கால் ஊன்றி நின்று, "இறக்கு" என்றேன்.

இறக்கினாள். இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். தகடு ஒன்று சரிந்து வந்து, கம்பைப் பிடித்திருந்த வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டியிருந்தது. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. இடது கையால் கம்பைத் தாங்கிக்கொண்டு அத்தனை தூரம் என் பின்னால் நடந்திருக்கிறாள்.

கிரேஸ் மிஸ் தன் புடவை முந்தானையைக் கிழித்துக் கட்டினார். அவளைத் தள்ளுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மிஸ் நனைந்தபடி பக்கத்தில் நடந்தார். காற்றில் குடை திரும்பிக் கம்பிகள் ஒடிந்தன. கம்பி ஒடிந்த குடையையும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

உயிர் பிழைத்தது. கை இருந்தது, விரல் செத்துவிட்டது. ஒரு கரண்டியைக்கூட மடக்கிப் பிடிக்க முடியவில்லை.

கமிட்டி கூடியது. கூடுவதற்கு முதல் நாள் கிரேஸ் மிஸ் எங்கள் இரண்டு பேரையும் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"செக்ரட்டரி சார் கிட்ட பேசினேன். கூரையை அப்படிப் போடச் சொன்னது நிர்வாகம்னா, லூர்துக்கு ஏதாவது ஒரு வேலை குடுத்து இங்கேயே வச்சுக்கணும். வேலைக்காரங்களா கேட்டு அப்படி வச்சுக்கிட்டாங்கன்னா, நிர்வாகத்துக்குப் பொறுப்பு இல்லையாம். கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்களாம்."

லூர்து புரியாமல் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. அவள் போனால் ஸ்டெல்லாவும் போக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அப்போது பெரிய பரீட்சைக்குப் படிக்கிற வயது.

"அதனால," என்றார் மிஸ், "நான் சொன்னேன், முனுசாமி போட்டான். உங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"நாந்தான மிஸ் கேட்டேன்?" என்றாள் லூர்து. "ஓட்ட போடாதன்னு நாந்தான சொன்னேன்? வலை எங்க அண்ணன் கொண்டாந்துது. மாதா மேல சத்தியமா நாந்தான்."

"நீ சத்தியம் பண்ண வேண்டிய இடம் இது இல்ல. நாளைக்கு நீ வாயே திறக்கக் கூடாது."

"பொய் சொன்னா பாவம் மிஸ்."

"சொல்லப் போறது நான். பாவம் எனக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "கமலா, உன்னைத்தான் கேப்பாங்க. தலைமைச் சமையல் நீதான்."

"என்னா சொல்லட்டும் மிஸ்?"

"அதை நான் சொல்லிக் குடுக்க மாட்டேன்" என்றார். கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். செக்ரட்டரி சார் நடுவில். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்கு பார்க்கிற மனுஷர். கிரேஸ் மிஸ் ஓரத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. லூர்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். அவள் உதடு ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது. ஜெபமாலை சொல்கிறாளா, எழுந்து உண்மையைச் சொல்லப் போகிறாளா என்று எனக்கு உயிரே இல்லை.

"கமலாம்மா," என்றார் செக்ரட்டரி. "ஆணி அடிக்காம கூரை போட்டிருக்காங்க. மீன் வலையைப் போட்டுக் கட்டியிருக்காங்க. இது யாரோ சமையல்கட்டுல சொன்ன யோசனை மாதிரி இருக்கு. வார்டனம்மாவுக்கு வலையெல்லாம் எப்படித் தெரியும்? உண்மையைச் சொல்லுங்க. கூரை போடறதுக்கு முன்னாடி அவங்க உங்களைக் கேட்டாங்களா?"

கிரேஸ் மிஸ் ஒடிந்த குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பு உயரத்துக்கு என் முதுகைக் கேட்டவர். ஆட்டுக்கல் வைக்கிற திசைக்கு ஆட்டுகிறவளைக் கேட்டவர். எங்களையெல்லாம் மனுஷி என்று நினைத்துக் கேட்ட ஒரே ஆள்.

"எங்களை யாரு சார் கேப்பாங்க?" என்றேன். "நாங்க சமைக்கிறவங்க. போட்ட கூரைக்குக் கீழ நிக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு மிஸ்ஸைப் பார்த்தேன். தலையை ஒரே ஒரு தரம் ஆட்டினார். உப்பு சரியாக இருந்தால் ஆட்டுவாரே, அதே ஆட்டல்.

லூர்து பெஞ்சில் குனிந்து அழுதாள். கை வலிக்கிறது போலிருக்கிறது, உள்ளே கூட்டிப் போங்கள் என்று செக்ரட்டரி சார் சொன்னார்.

வேலைக்காரர்களைக் கலந்துகொள்ளாமல் தன் இஷ்டத்துக்குக் கூரை போட்டார் என்று கிரேஸ் மிஸ்ஸை விடுதிப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். தெற்கே ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவர் போன அன்றைக்குப் பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று அழுதார்கள். ஸ்டெல்லா மட்டும் வரிசையில் நிற்கவில்லை. தன் அம்மா கையைப் போக்கியவர் என்றுதான் அந்தப் பிள்ளைக்கு மிஸ். தூணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ரிக்ஷாவில் ஏறப்போன மிஸ், இறங்கி அவளிடம் போனார். "படி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாளில் அவள் நர்ஸாகி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். லூர்து நடந்ததைச் சொன்னாளாம். பெரியவங்க எதையாவது சொல்லி உன் வாயை அடைச்சிருப்பாங்க என்றாளாம் மகள், நம்பவில்லை.

நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது, "சொட்டு விழாமப் பாத்துக்கோ" என்றார். எதைச் சொன்னார் என்று கேட்பதற்குள் வண்டி எடுத்துவிட்டது. அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. தெற்கேயே இறந்துபோனார் என்று பல வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள்.

புது வார்டனம்மா வந்தார். நல்லவர்தான், சுறுசுறுப்பானவர். அந்தக் கோடையிலேயே தளம் போட்டார்கள். நாலு பக்கமும் சுவர். மேலே தாழ்வாக சிமெண்டுக் கூரை. புகை போக ஒரு கூண்டு வைத்தார்கள். புகைக்கு அது பிடிக்கவில்லை, எங்களோடேயே இருந்தது. அடுப்பை ஒரு சாண் உயர்த்திவிட்டார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கித்தான் கிளற வேண்டும். தொட்டி இடது பக்கம் போயிற்று. இடிக்கப் போகிறார்களே, அது அந்தக் கட்டடம்தான்.

லூர்துக்கு மணி அடிக்கிற வேலை கொடுத்தார்கள். இடது கையால் அடிப்பாள். நேரம் கிடைத்தபோதெல்லாம் சமையல்கட்டுக்குள் வந்து முக்காலி போட்டு உட்காருவாள். எண்ணெய்ச் சட்டியில் வேறு ஒருத்தி நிற்பாள். மழை வந்தால் லூர்து பழக்கத்தில் அண்ணாந்து பார்ப்பாள். சிமெண்டுக் கூரை. ஒரு சத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல கூரைக்கா" என்பாள். பிறகு எழுந்து வெளியே போய் மழையில் நிற்பாள்.

நான் அதற்குக் கீழேதான் வேலை முடிகிறவரைக்கும் நின்றேன். வார்டன்கள் பலர் வந்தார்கள், போனார்கள். உப்பைப் பார்த்தார்கள், அளவைப் பார்த்தார்கள், என்னை மெச்சவும் செய்தார்கள். எங்களை யார் கேட்பார்கள் என்று கமிட்டி முன்னால் அன்றைக்கு நான் சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சொன்ன அன்றைக்கு அது பொய். அடுத்த நாளிலிருந்து நான் கரண்டியைக் கீழே வைத்த நாள்வரைக்கும் அது உண்மையாகவே இருந்தது.